மூன்று பெட்டிகளை எடுத்துவர மன்னார் போனேன்

ஒரு ஆராய்ச்சியை இழுத்து மூடத்தான் நான் மன்னாருக்குப் போனேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் இதை முதலிலேயே சொல்லாவிட்டால் பின்னால் வரப்போகும் சந்தோஷத்துக்கு அர்த்தமில்லாமல் போய்விடும்.

எங்கள் முதலாளி சபேசன் சென்னைக்காரர். கணினித் தொழிலில் சம்பாதித்தார். பிறகு யார் யாரோ தொடங்கிய கம்பெனிகளில் முதல் போட்டு அதைவிட அதிகம் சம்பாதித்தார். நடக்கும் என்று தெரிந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்க அரசாங்கம் இருக்கிறது, நடக்காது என்று எல்லாரும் கைவிட்டதற்குத்தான் நான் என்பார். அவருடைய ஆராய்ச்சி நிதிக்கான அலுவலகத்தைப் பார்த்துக்கொள்பவள் நான், பத்மா. சொந்த ஊர் கோயம்புத்தூர். நேரம் தவறினால் தலைவலி வந்துவிடும் ரகம்.

அவர் பணம் போட்டதிலேயே பெரிய கனவு, கடலைக் காதால் அளப்பது. நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கி வைத்து, வருகிற சத்தங்களை எல்லாம் ஒரு இயந்திரத்துக்குப் பழக்கி, எந்தப் பிராணி எங்கே வாழ்கிறது என்று குரலை வைத்தே சொல்லவைப்பது. அதில் மிகக் கடினமான பாடம் கடற்பசு. மன்னார்க் கரையில் அதை ஆவுளியா என்கிறார்கள், தமிழ்நாட்டு ராமநாதபுரம் கரையிலும் அதே பெயர்தான். இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதே அங்கே பெரிய கேள்வி. அதற்குப் பதில் தேட ஜெசிந்தா என்ற மன்னார்ப் பெண் ஆஸ்திரேலியாவில் பார்த்த வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்தாள். தன் கிராமத்துக்கு முன்னால் உள்ள கடல் புல்வெளியில் மூன்று ஒலிவாங்கிப் பெட்டிகளை இறக்கிவைத்தாள். இரண்டு வருடம் ஆயிற்று. கேட்டதெல்லாம் படகு எஞ்சின்களின் இரைச்சல்.

சபேசன் பொறுமை இழந்தார். "மூடிடு பத்மா. 'இந்தப் பகுதியில் கடற்பசு இல்லை'னு அறிக்கை எழுதிடு. நீயே நேரில் போய்ச் சொல்லு, அதுதான் மரியாதை" என்றார். கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வியாழக்கிழமை. கொழும்பிலிருந்து வந்த பஸ் கட்டுக்கரைக் குளத்தைத் தாண்டும்வரை நன்றாகத்தான் ஓடியது. குளமா அது, எங்கள் ஊரில் அணைக்கட்டு என்றே சொல்லிவிடுவோம். கரை நெடுகக் கொக்குகள், அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் நெல். உயிலங்குளத்தில் எஞ்சினின் பெல்ட் அறுந்து பஸ் நின்றது. நடத்துனர் சிங்களத்தில் ஏதோ அறிவித்தார். பக்கத்துச் சீட்டுப் பெண்மணி மொழிபெயர்த்தார்: "பெல்ட் வாங்க ஆள் போயிருக்கிறான், எல்லோரும் இறங்கித் தேநீர் குடிக்கலாம், அவசரப்பட்டால் பஸ் ஓடாது என்கிறார்." ஆள் எங்கே போயிருக்கிறான் என்று கேட்டேன். ஒரு மணி நேரத்துக்கும் மேல் தள்ளியிருக்கும் வவுனியாவுக்கு என்றார் அந்த அம்மாள், பக்கத்துத் தெரு என்பதுபோல.

நான் சாலையில் நின்று குறுக்கும் நெடுக்கும் நடந்ததைப் பார்த்து, நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று நின்றது. "மன்னாருக்கோ? ஏறுங்கோ. மூட்டையிலதான் இருக்கோணும், கதிரை இல்லை" என்றார் ஓட்டியவர். ஏறினேன். ஐம்பத்து நாலு வயதில், பட்டுப் பார்டர் புடவையோடு, நெல் மூட்டை மேல் உட்கார்ந்து பாலத்தைக் கடந்து மன்னார்த் தீவுக்குள் நுழைந்தேன். இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல் பளபளவென்று கிடந்தது, காற்று தலைமுடியைப் பிய்த்தது. ஒரு ஆராய்ச்சியை மூடப் போகிறவளுக்கு இவ்வளவு உற்சாகம் ஆகாது என்று என்னை நானே அதட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை. விடுதியிலிருந்து ஜெசிந்தாவின் ஊருக்கு நசீர் என்பவரின் ஆட்டோவில் கிளம்பினேன். பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். மன்னார் பட்டணத்துக் கழுதைகளுக்கு அது தெரியவில்லை. நடுத்தெருவில் ஏழெட்டு கழுதைகள் ஏதோ பொதுக்கூட்டம் போட்டிருந்தன. ஹாரன் அடியுங்கள் என்றேன். "அதுகளுக்கு ஹோர்ன் விளங்காது அக்கா. நாங்கதான் பொறுமையா இருக்கோணும்" என்றார் நசீர். கழுதைகள் கலைந்ததும் டயர் பஞ்சர். பஞ்சர் ஒட்டி முடித்துத் தாராபுரத்தை நெருங்கும்போது நசீர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஜும்ஆவுக்கு நேரமாச்சு. இதுதான் எங்கட ஊர். எங்கட வீட்டில கொஞ்சம் இருங்கோ அக்கா, தொழுதிட்டு ஓடி வாறன்."

வேலை நாளில், வழியில், பயணியை வீட்டில் இறக்கிவிட்டுப் போகிற ஓட்டுநரை நான் அன்றுதான் பார்த்தேன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் மனைவி மீன் ஆணமும் சோறும் கொண்டுவந்து வைத்து, மறுபடி மறுபடி ஊற்றியதில் கோபத்துக்கு வயிற்றில் இடமில்லாமல் போயிற்று. தேங்காய்ப்பாலும் கொறுக்காய் என்ற புளியும் போட்ட அந்தக் குழம்புக்கு முன்னால் எங்கள் கொங்கு நாட்டு மீன் குழம்பு வாய் திறக்க முடியாது. எங்கள் ஊருக்குக் கடல் இல்லை என்பதை இத்தனை காலம் நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ஜெசிந்தாவின் வீட்டை அடைந்தபோது மணி இரண்டு. தீவின் தென்கரையில் மாதா கோயிலைச் சுற்றி அமைந்த மீனவக் கிராமம். நாற்பது வயதிருக்கும் அவளுக்கு. வெயிலில் கறுத்த முகம், குட்டையாக வெட்டிய முடி, எதையும் நேராகப் பார்க்கிற கண்.

"வாங்கோ அக்கா. களைச்சுப்போனியள். முதல்ல சாப்பிடுங்கோ, மற்றதெல்லாம் பிறகு கதைப்பம்."

சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நண்டுக் கறியோடு இரண்டாம் முறை சாப்பிட்டேன். அப்படியொரு கடிதத்தை யாருக்குக் கொடுக்கப்போகிறேனோ, அவள் கையால் போடும் சாப்பாட்டையும் மறுப்பது எனக்கு அசிங்கமாகப் பட்டது.

கை கழுவியதும் கொடுத்தேன். அவள் இரண்டு தடவை படித்தாள். அழவில்லை, கத்தவில்லை. கடிதத்தை மடித்து மேசையில் வைத்தாள்.

"நிப்பாட்டுறது உங்கட உரிமை. நான் மறிக்கேல்லை. ஆனா 'இல்லை' எண்டு எழுதாதேங்கோ. 'நாங்கள் கேக்கேல்லை' எண்டு எழுதுங்கோ."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா" என்றேன்.

"இல்லை. நீங்கள் இல்லை எண்டு எழுதினா, அந்தக் கடிதத்தைக் காட்டி நாளைக்கே இந்தப் புல்லு முழுக்க வாரி இழுக்கிற வலைக்கு அனுமதி வாங்குவினம். காப்பாத்த ஒண்டும் இல்லை எண்டு உங்கட முதலாளியே சொல்லிப்போட்டார் எண்டுவினம். பிறகு உண்மையாவே இல்லாமப் போயிடும்."

அறிக்கை எப்படி எழுதவேண்டும் என்று சொல்லித்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். பார்க்கலாம் என்று முணுமுணுத்தேன். பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம் என்பது அவளுக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை பெட்டிகளை எடுக்கக் கடலுக்குப் போனோம். வள்ளம் மரியதாஸ் அண்ணையுடையது. அறுபதைத் தொட்ட மீனவர், இரண்டு வருடமாக ஜெசிந்தாவுக்குப் படகு ஓட்டுகிறவர், வார்த்தையை எண்ணிப் பேசுகிறவர். நான் இந்தியா என்றதும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "உங்கட ஆக்களின்ர றோலர் எங்கட வலையை அறுக்காம இருந்தா நல்லது." இழுவைப் படகுகளைச் சொல்கிறார் என்று புரிந்து, நான் கடலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

கடல் கண்ணாடியாக இருந்தது. இடுப்பளவு ஆழத்துக்குக் கீழே புல்வெளி, காற்றடித்த வயல்போல் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஆனால் நிம்மதி இல்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வள்ளங்கள் உறுமிக்கொண்டு போயின, எங்கள் எஞ்சினே காதைக் கிழித்தது. முதல் பெட்டியை எடுத்தோம், இரண்டாவதையும் எடுத்தோம். மூன்றாவது பெட்டியின் கயிற்றில் கை வைத்த மரியதாஸ் இழுக்காமல் நின்றார்.

"மிஸ், இதை மட்டும் திங்கக்கிழமை எடுப்பமே."

"ஏன் அண்ணை?" என்றாள் ஜெசிந்தா.

"நாளைக்கு ஞாயிறெல்லே."

"அதுக்கு?" என்றேன் நான்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு கயிற்றைப் பார்த்துச் சொன்னார். "ஞாயிறிலதான் அது இந்தப் பக்கம் வாறது. மற்ற நாளில எங்கட எஞ்சின் சத்தத்துக்கு நிக்குமோ? ஞாயிறு ஒரு வள்ளமும் இறங்காது. பூசை முடிஞ்சு கரையில சும்மா இருக்கேக்க நான் ரெண்டு மூண்டு தரம் கண்டனான். மூக்கைக் காட்டிப்போட்டுத் தாழும்."

ஜெசிந்தா எழுந்தே விட்டாள், வள்ளம் ஆடியது. "ரெண்டு வருஷம் என்னோட வந்தனீங்கள். ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"முந்தி அதைப் பிடிச்சுத் திண்ட ஆக்கள் நாங்கள். இப்ப கண்டனான் எண்டு வாய் திறந்தா, ஆர் பிடிச்சது எண்டு விசாரணைக்கு வருவினம். அதோட உங்கட பெட்டி ஏழு நாளும் கேட்டுக்கொண்டுதானே கிடக்கு. அதுக்குத் தெரியாததை நான் என்னத்தைச் சொல்லிறது?"

ஏழு நாளும். ஏழு இல்லை என்பது அந்தப் படகில் எனக்கு மட்டும்தான் தெரியும். பெட்டிகள் எந்த நேரம் கேட்க வேண்டும், எந்த நேரம் உறங்க வேண்டும் என்ற அட்டவணையைச் சென்னையில் உட்கார்ந்து போட்டவள் நான். பேட்டரி அதிக நாள் வரட்டும் என்று சனியும் ஞாயிறும் அணைத்து வைத்திருந்தேன். வாரம் என்றால் எனக்கு ஐந்து நாள். கடலுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். பெட்டிகளிலிருந்து எடுக்கும் ஒலிப்பதிவு அட்டைகள் எல்லாம் அப்படியே சென்னைக்கு வந்து, இயந்திரம் அலசி, ஜெசிந்தாவுக்கு வாரச் சுருக்கம் மட்டும்தான் போகும். அந்தச் சுருக்கத்தில் கிழமை கிடையாது. அவளுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. எஞ்சின்கள் ஓடும் ஐந்து நாளும் காதைத் திறந்து வைத்துவிட்டு, கடல் அமைதியாக இருக்கும் ஒரே நாளில் மூடிவைத்திருக்கிறேன் என்று சொன்னேன்.

"ரெண்டு வருஷம், அக்கா" என்றாள் ஜெசிந்தா. அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மரியதாஸ்தான் கேட்டார்: "ஏன், உங்கட ஊரில ஞாயிறு காது கேளாதோ?"

மூன்றாவது பெட்டியைப் படகில் தூக்கிக் கணினியோடு இணைத்து, அட்டவணையை மாற்றி, மறுபடி அதே இடத்தில் இறக்கினோம். சனி மாலையிலிருந்து ஞாயிறு முழுக்க. மற்ற இரண்டு பெட்டிகளில் பேட்டரி தீரும் நிலையில் இருந்தது, ஒன்றுதான் நம்பிக்கை. கரையேறியதும் சபேசனுக்குப் போன் போட்டேன்.

"சார், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேணும்."

"ரெண்டு வருஷம் குடுத்தாச்சே பத்மா."

"அதுல ஒரு ஞாயிறுகூட குடுக்கலை சார். தப்பு என்னுது." விவரத்தைச் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

"திங்கள் பத்து மணிக்கு நிதிக் குழு கூடுது. அதுவரைக்கும்தான். ஒண்ணும் இல்லைன்னா அறிக்கை அன்னிக்கே போகும்" என்று வைத்துவிட்டார்.

ஞாயிறு. அந்தக் கரையில் சனி மாலை வள்ளங்களை இழுத்து மேலே போட்டால் திங்கள் விடியும்வரை ஒருவரும் தொடமாட்டார்கள். பக்கத்து ஊர்களும் கத்தோலிக்க ஊர்கள்தான், அங்கும் அப்படியே. நசீரின் ஊர் மீனவர்கள் போவது தீவின் வடபக்கத்துக் கடலுக்கு. ஒரே ஒரு ஆபத்து உண்டு. பழுது பார்த்த எஞ்சினை ஞாயிறு மத்தியானம் கரையில் வைத்து ஓடவிட்டுத் தட்டிப் பார்க்கிற பழக்கம் சிலருக்கு இருக்கிறதாம். ஜெசிந்தா, அவர்கள் சுவாமி என்று சொல்லும் பாதிரியாரிடம் சொல்லிவைத்தாள்.

நான் பூசைக்குப் போனேன். எனக்கு எப்போது எழுந்து நிற்க வேண்டும், எப்போது முழங்காலிட வேண்டும் என்று தெரியாது. முன்வரிசைக்காரர்களைப் பார்த்து அரை நொடி தாமதமாக எல்லாம் செய்தேன். கடைசியில் சுவாமி அறிவித்தார்: "இண்டைக்குக் கடலில ஜெசிந்தா மிஸ்ஸின்ர சோதனை நடக்குது. ஒருத்தரும் எஞ்சின் தட்டிப்பாக்க வேண்டாம். எஞ்சினுக்கும் ஓய்வு நாள்தான்." கோயில் முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு அந்த ஊரே எனக்காக அமைதியாக இருந்தது.

பிறகு காத்திருப்பு. கரைக்குப் போய்ப் பார்க்கக்கூட ஜெசிந்தா விடவில்லை. சாப்பிட்டோம், மறுபடி தேநீர் குடித்தோம். மத்தியானம் திடீரென்று ஒரு எஞ்சின் படபடத்தது. ஜெசிந்தா செருப்பில்லாமல் ஓடினாள், நான் பின்னால் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். எங்கள் இருவருக்கும் முன்னால் மரியதாஸ் ஓடினார். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற பம்பு. அது ஓடினால் கடலுக்குக் கேட்காது என்று எவ்வளவு சொல்லியும், அதன் சொந்தக்காரர் பம்பை நிறுத்திவிட்டு மாலைவரை வாளியால் இறைத்து ஊற்றினார். அவர் முகத்தை நான் மறக்கமாட்டேன்.

திங்கள் விடிந்ததும் மூன்றாவது பெட்டியை எடுத்து வந்தோம். மணி எட்டு. கரையில் கவிழ்த்த வள்ளத்தின் மேல் கணினியை வைத்து, பதிவை ஓட்டி ஓட்டி ஜெசிந்தா கேட்க ஆரம்பித்தாள். கடலுக்குப் போகவேண்டிய ஆண்கள் போகாமல் சுற்றி நின்றார்கள். கடலுக்குள் எப்போதும் இறால்களின் சத்தம் இருக்கும், எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல். ஞாயிறு அதிகாலைப் பதிவு முழுக்கக் கடுகுதான். ஆறு மணிக்கும் கடுகு, ஏழு மணிக்கும் கடுகு. கரையில் எங்களுக்கு மணி ஒன்பதாயிற்று. சென்னையிலிருந்து "என்ன ஆச்சு?" என்று குறுஞ்செய்தி வந்தது. நான் பார்க்காததுபோல் போனைக் கவிழ்த்தேன்.

ஜெசிந்தாவின் முதுகு விறைத்தது. கையை உயர்த்தினாள். அவள் ஒரு இயர்போன் குமிழை என் காதில் அழுத்தினாள்.

கீச், கீச், கீச். ஒரு குருவி தண்ணீருக்குள் விழுந்துவிட்டு அங்கேயே குடியிருந்தால் அப்படித்தான் கூப்பிடும். நடுவே புல்லை வேரோடு பிடுங்குகிற சத்தம், நிதானமாக, பசியாறுகிற சத்தம். பூசை நடந்துகொண்டிருந்த நேரத்தில் பதிவானது.

"அதுதான்" என்றாள் ஜெசிந்தா. "அதேதான் அக்கா. சந்தேகமே இல்லை."

கேட்கிற கருவியைக் கைமாற்றிக் கைமாற்றி எல்லோரும் கேட்டார்கள். மரியதாஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இது கதைக்கும் எண்டு எனக்குத் தெரியாது. இத்தனை வயசுக்கும் இதை இறைச்சியாத்தான் தெரியும்" என்றார். கருவியைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் இரண்டாவது குரல் வந்தது. மெல்லியது, உச்சத்தில் உடைவது, முதல் குரல் கூப்பிட்டவுடன் பதில் சொல்வது. மறுபடி பெரிய குரல், மறுபடி அந்தச் சின்னது.

"குட்டி" என்றாள் ஜெசிந்தா. கடிதம் படித்தபோது அழாதவள், இரண்டு வருடம் வீணாயிற்று என்று தெரிந்தபோது அழாதவள், மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். என் வாழ்நாளில் நான் செய்த தவறு ஒன்று இவ்வளவு அழகாகத் திருந்தியதில்லை.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சபேசனைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனைக் கணினியின் ஒலிபெருக்கிப் பக்கத்தில் பிடித்தேன். அவர் மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் தடவையும் போடச் சொன்னார். குழுவில் இருந்தவர்கள் கைதட்டுவது இங்கே கரைவரைக்கும் கேட்டது.

"குட்டியும் இருக்கா? அப்போ அங்கே இது குடும்பமா வாழுது" என்றார். "இல்லைன்னு யாரும் எழுத வேண்டாம். இருக்குன்னு எழுதுங்க, பெரிய எழுத்துல எழுதுங்க. இனிமே அட்டவணை போடறது ஜெசிந்தா. சென்னையில யாரும் கை வைக்கக்கூடாது. எத்தனை வருஷம் வேணுமோ எடுத்துக்கட்டும்."

கரையில் கூச்சல் எழுந்தது. யாரோ கோயில் மணியை அடிக்கப் போனார்கள்.

சபேசன் நிறுத்தவில்லை. உற்சாகம் வந்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது. "அடுத்த ஞாயிறு நானே வரேன். பெரிய படகு ஒண்ணு பேசிடு பத்மா. கேமராக்காரங்க, பத்திரிகைக்காரங்க எல்லாரையும் கூட்டிட்டு வரேன். நடுக்கடல்ல நின்னு இந்தக் குரலை உலகத்துக்கே கேட்கவைக்கலாம்."

பதினெட்டு வருடமாக அவர் சொன்னதற்கெல்லாம் சரி சார் என்றே பழகிய வாய் என்னுடையது. ஜெசிந்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"சேர், நீங்கள் கட்டாயம் வரோணும். ஆனா ஞாயிற்றுக்கிழமை இஞ்ச ஒருத்தரும் கடலில இறங்கிறேல்லை. திங்கக்கிழமை வாங்கோ."

எந்த அமைச்சரின் கதவும் தனக்காகத் திறக்கும் என்று பழகியவர் எங்கள் முதலாளி.

"சரிங்க மேடம்" என்றார் சபேசன். "திங்கக்கிழமையே வரேன்."